மலைப்பாதையில் நாளைய எஞ்சின்



கோயம்புத்தூரிலிருந்து தடாகம் சாலை வழியே வடமேற்கு நோக்கிச் சென்றால், சின்னத்தடாகம், மாங்கரை ஆகிய ஊர்களைக் கடந்ததும் பாதை மலையேறத் தொடங்குகிறது. அந்த ஏற்றத்தின் மேலே இருப்பது ஆனைகட்டி. ஊரின் ஒரு பகுதி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. மறு பகுதி கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், அட்டப்பாடியைச் சேர்ந்தது. எல்லையில் நின்று கேட்டால் ஒரே கடையில் தமிழும் மலையாளமும் இருளர் மொழியும் காதில் விழும். அட்டப்பாடியில் விளையும் வாழையும் காய்கறியும் துவரையும் இவ்வழியே கோவைச் சந்தைக்கு இறங்குகின்றன. கோவையிலிருந்து சிமெண்டும் அரிசியும் உரமும் இவ்வழியே மலைக்கு ஏறுகின்றன. இந்த ஏற்ற இறக்கத்தையெல்லாம் சுமப்பவை பெரிய லாரிகள் அல்ல. 'பிக்கப்' என்று வழங்கும் நடுத்தர லோடு வண்டிகளும், மக்கள் அன்போடு 'குட்டியானை' என்று பெயரிட்டழைக்கும் சிறு வண்டிகளுமே ஆகும். ஆனையைக் கட்டிய இடம் என்று பொருள்படும் ஊரில் இன்று வரிசையாக நிற்பவை இரும்புக் குட்டியானைகள்.

அங்கே ஒரு தேநீர்க் கடையின் முன்பு, தம் வண்டியில் தார்ப்பாயை இறுக்கிக் கட்டிக் கொண்டிருந்த ஓர் ஓட்டுநர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, இந்த வண்டிக்குத் தவணை அடுத்த வருசத்தோட முடியுதுங்க. மும்பையில இருக்கிற அண்ணன் புது வண்டிக்கு முன்பணம் தர்றேன்னு சொல்றாருங்க. மறுபடியும் டீசலே எடுக்கட்டுமா, இல்லை கரண்டு வண்டிக்குப் போகட்டுமா? ஒண்ணு தப்பாப் போனா அஞ்சு வருசம் கடனைக் கட்டியே தீரணுமுங்க" என்றார். அவருக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அந்தக் கேள்வி அவர் ஒருவருடையதன்று. வெளியூரில் உழைத்துச் சேர்த்த பணத்தைத் தம்பிக்கோ மைத்துனருக்கோ வண்டி வாங்கிக் கொடுப்பதற்கு அனுப்பும் உங்களில் பலருடைய கேள்வியும் அதுவே. ஆகவே அதற்கான விடையை இன்று உங்களோடு சேர்ந்து தேடலாம் என்று எண்ணுகிறேன்.

வருங்காலத்தைப் பற்றிப் பேசுமுன் கடந்த காலத்தைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நலம். வண்டிக்கு எது உணவு என்பது என்றும் ஒரே நிலையில் இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, சென்னை மாகாணத்தின் பேருந்துகள் கரி வாயுவில் ஓடின. வண்டியின் பின்புறம் ஓர் இரும்பு உருளையில் கரியை எரித்து, அதில் எழும் வாயுவை எஞ்சினுக்குள் செலுத்தினார்கள். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கி நடக்க வேண்டியிருந்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். போர் முடிந்தது, பெட்ரோல் மீண்டும் வந்தது, கரி வண்டி மறைந்தது. 1947-இல் மகீந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பை இணைத்து விற்கத் தொடங்கியது. அந்த ஜீப்பும் பெட்ரோல் வண்டியே. 1980-களில் பிரான்ஸ் நாட்டுப் பியூஜோ நிறுவனத்தின் நுட்பத்தைக் கொண்ட டீசல் எஞ்சின் அதில் இடம்பெற்ற பிறகு, மலையெங்கும் டீசல் ஜீப்பின் ஓசையே கேட்கலாயிற்று. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலையில் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளின் ஓசையும் அதுவே.

டீசல் ஏன் வென்றது? 1897-இல் ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் செம்மையாக இயக்கிக் காட்டிய எஞ்சின் காற்றை மிகுதியாக அழுத்துகிறது. அழுத்தத்தினால் காற்று கொதிப்பேறுகிறது. அதில் எண்ணெயைத் தூவினால் தீப்பொறி இல்லாமலேயே பற்றிக் கொள்கிறது. இவ்வாறு எரிவதால் எண்ணெயின் ஆற்றலில் பெட்ரோல் எஞ்சினைவிடக் கூடுதலான பங்கு வேலையாக மாறுகிறது. மேலும், எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே இழுவை மிகுதியாகக் கிடைக்கிறது. சுமையோடு கொண்டையூசி வளைவில் திரும்பும் வண்டிக்கு வேண்டுவது வேகமன்று, இழுவையே. அதனோடு, அரசாங்கம் நெடுங்காலம் டீசலின் விலையைக் குறைத்தே வைத்திருந்தது. 2005-இல் வந்த டாட்டா ஏஸ் இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினோடும், 2011-இல் வந்த, ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினோடும் சிறு வணிகரின் வாசலுக்கு வந்தன. ஒற்றை வண்டி வைத்திருப்பவரும் முதலாளி ஆகலாம் என்ற நிலை அவற்றால் உருவாயிற்று.

இன்று டீசலின் ஆட்சி ஆட்டம் காண்பதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது விலை. 2014 அக்டோபரில் டீசலின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அன்று முதல் உலகச் சந்தையின் ஏற்றத்தாழ்வும் வரிகளும் நேராக ஓட்டுநரின் சட்டைப்பையைத் தொடுகின்றன. இரண்டாவது உடல்நலம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-இல் வகைப்படுத்தியது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் யார்? வண்டியை ஓட்டுபவரும், அதன் பின்னே நின்று சுமை இறக்குபவருமே அல்லவா? மூன்றாவது சட்டம். தில்லியில் வாழும் நேயர்கள் இதை நன்கறிவார்கள். 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது என்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. 2025-இல் அதே நீதிமன்றம் அந்நடவடிக்கையை இடைக்காலமாகத் தளர்த்தியது. வண்டி நல்ல நிலையில் இருந்தாலும், சட்டம் மாறினால் அதன் மதிப்பு ஒரே நாளில் மாறிவிடக்கூடும் என்பதே இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்பனையாகும் புதிய வண்டிகள் பாரத் ஆறாம் நிலை விதிக்கு உட்பட்டவை. இவ்விதியால் டீசல் எஞ்சின் பெரிதும் தூய்மையடைந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்தூய்மை விலையின்றி வரவில்லை. புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்க ஒரு வடிகட்டி வேண்டும். பல வண்டிகளில் நைட்ரஜன் நச்சுக்களை முறிக்க யூரியாக் கரைசலையும் ஊற்ற வேண்டும். வடிகட்டியில் சேர்ந்த கரி எரிந்து நீங்குவதற்கு எஞ்சின் சிறிது நேரம் நல்ல சூட்டில் தொடர்ந்து ஓடுதல் அவசியம். ஊருக்குள்ளேயே கடைகடையாக நின்று நின்று ஓடும் வண்டியில் அந்தச் சூடு எளிதில் கிடைப்பதில்லை. வடிகட்டி அடைபட்டுக் கொள்கிறது. பழைய டீசல் எஞ்சினைச் சாலையோரத்தில் பிரித்துச் சீர்செய்த மெக்கானிக்கு, புதிய எஞ்சினுக்கு முன்னால் கணினிக் கருவியின்றித் தடுமாறுகிறார். ஒற்றை வண்டிக்காரருக்கு இது சிறு செய்தியன்று.

அப்படியாயின் நாளைய எஞ்சின் எது? உலகெங்கும் நடுத்தரப் பிக்கப் வண்டி செய்வோர் இக்கேள்விக்கு ஒரே விடை கூறவில்லை. நம் நாட்டில் 2022-இல் அறிமுகமான டொயோட்டா ஹைலக்ஸ் 2.8 லிட்டர் டீசல் எஞ்சினைக் கொண்டது. 204 குதிரைத்திறன் உடையது. இசுசூ டி-மேக்ஸ் வண்டியோ பழைய 2.5 லிட்டர் எஞ்சினுக்குப் பதிலாக 1.9 லிட்டர் எஞ்சினைப் பெற்றது. உருவில் சிறுத்தாலும் ஆற்றலில் அது குறையவில்லை. மகீந்திரா நிறுவனம் 2023 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் காட்டிய புதிய பிக்கப் மாதிரிக்கும் அலுமினியத்தாலான டீசல் எஞ்சினையே தேர்ந்தது. ஆனால் 2025-இல் தாய்லாந்தில் டி-மேக்ஸின் மின்சார வகை உற்பத்திக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் வெளியிடப்பட்ட புதிய ஹைலக்ஸ், டீசலையும் வைத்துக் கொண்டு, மின்சார வகையையும் சேர்த்துக் கொண்டது. 2028-இல் ஹைட்ரஜன் வகையும் வரும் என்று அறிவித்தது. பெரிய நிறுவனங்களே எல்லாக் குதிரைகளின் மீதும் பணம் கட்டுகின்றன. நமக்கோ பணம் கட்ட ஒரு குதிரைதான் உண்டு. ஆகவே ஒவ்வொன்றையும் நாம் தனித்தனியே ஆராய வேண்டியிருக்கிறது.

முதலில் வாயு. அழுத்தப்பட்ட இயற்கை வாயுவில் ஓடும் சிறு லோடு வண்டிகள் இன்று பல நிறுவனங்களிடம் கிடைக்கின்றன. கரித்துகள் மிகக் குறைவு. நகரத்தில் செலவும் குறைவு. ஆனால் வாயு உருளைகள் கனமானவை. இழுவையும் டீசலைவிடச் சற்றுக் குறைந்தது. நிரப்பும் நிலையங்களோ நகரங்களைச் சுற்றியே பெருகியுள்ளன. சமவெளியில் ஓடுபவருக்கு இது நல்ல துணை. மலையூர்க்காரர் நிலையம் எங்குள்ளதென்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது பயிரிலிருந்து வரும் எரிபொருள். 1900-இல் பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. ஆகவே இவ்வெண்ணம் புதிதன்று. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை நம் நாடு 2025-இல் எட்டியது. டீசலில் 2030-க்குள் 5 விழுக்காடு தாவர டீசல் கலக்க வேண்டும் என்பது 2018-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை. ஆனால் எத்தனாலுக்கு லிட்டருக்கு லிட்டர் ஆற்றல் குறைவு என்பதையும், கரும்புக்கும் மக்காச்சோளத்திற்கும் நீரும் நிலமும் வேண்டும் என்பதையும் மறத்தல் ஆகாது. இது பழைய எஞ்சினின் ஆயுளை நீட்டிக்கும் வழி; புதிய யுகத்தின் முழு விடை அன்று.

ஹைட்ரஜனைப் பற்றிப் பெருங்கனவுகள் உண்டு. 2023 பிப்ரவரியில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்ட் நிறுவனம் ரிலையன்சுடன் சேர்ந்து, ஹைட்ரஜனை எஞ்சினிலேயே எரித்து ஓடும் கனரக லாரியைக் காட்டியது. நெடுந்தூரம் ஓடும் பெரிய லாரிக்கு இது ஒருநாள் பொருந்தலாம். ஆனைகட்டியில் ஹைட்ரஜன் நிரப்பும் நிலையம் வரும் நாளை நம்பி இன்று ஒருவர் கடன் வாங்க முடியாது.

எஞ்சியது மின்சாரம். நேயர்களே, கோவைக்காரருக்கு மின்சார மோட்டார் அந்நியப் பொருளன்று. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் கோவையின் ஆலைகளும் கிணறுகளும் விழித்துக் கொண்டன. 1937-இல் ஜி.டி. நாயுடு அவர்களும் டி. பாலசுந்தரம் அவர்களும் இந்தியாவின் முதல் மின்சார மோட்டாரைக் கோவையில் உருவாக்கினார்கள். கிணற்றில் நீர் இறைத்த அந்த மோட்டாரின் வழித்தோன்றலே இன்று வண்டியின் அச்சைச் சுழற்ற வந்திருக்கிறது. நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையையும் தரும் இயல்பு அதற்குண்டு. கியர் மாற்றம் இல்லை. கிளட்ச் தேய்மானம் இல்லை. எண்ணெய் மாற்றும் வேலையும் பெரிதும் இல்லை.

மலைப்பாதையில் இதன் தன்மையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சுமையோடு 3 டன் எடையுள்ள ஒரு வண்டி போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுகிறது என்று கொள்ளுங்கள். ஏற்றம் ஏறத்தாழ 1,000 மீட்டர். அவ்வெடையை அவ்வுயரத்திற்குத் தூக்க வேண்டிய ஆற்றல் மட்டும் சுமார் 8 யூனிட் மின்சாரத்திற்குச் சமம். ஒரு லிட்டர் டீசலில் அடங்கியிருப்பது சுமார் 10 யூனிட் வெப்பம். அதில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்திற்கு வேலையாக வந்து சேரும். ஆகவே உயரம் ஏறுவதற்கு மட்டுமே இரண்டரை லிட்டர் டீசல் செலவாகும். இனி, அதே சுமையோடு இறங்கும்போது என்ன நிகழ்கிறது? டீசல் வண்டியில் அந்த ஆற்றல் அத்தனையும் பிரேக்கிலும் எஞ்சினிலும் வெப்பமாகி வீணாகிறது. பிரேக் கருகும் வாடையை மலையிறங்கிய எவரும் அறிவர். மின்சார வண்டியிலோ, இறக்கத்தில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. சாலைத் தடையும் பிற இழப்பும் போக, ஏறத்தாழ 4 யூனிட் மீண்டும் பேட்டரியில் சேரும்.

இதில் நம் மலைகளுக்கே உரிய ஒரு நன்மை உண்டு. விளைபொருள் மேலிருந்து கீழே வருகிறது. வாழைத்தாரும் ஏலக்காயும் கீழிறங்கும் நாள்களில், வெறும் வண்டியாக ஏறிச் சுமை வண்டியாக இறங்குவோர் பலர். அவர்களுக்கு ஏற்றத்தில் செலவு குறைவு. இறக்கத்தில் வரவு மிகுதி. சுவிட்சர்லாந்தில் பீல் நகருக்கு அருகே ஒரு கற்சுரங்கத்தில், வெறுமையாக ஏறிப் பாரத்தோடு இறங்கும் பெரிய மின்சார டிப்பர் வண்டி ஒன்று, இறக்கத்தில் பெறும் மின்சாரத்தைக் கொண்டே பெரிதும் ஓடி உலகின் கவனத்தை ஈர்த்தது. நம் வண்டிகள் அந்த அளவுக்குச் செல்லாவிடினும், இயற்கை விதி இரண்டிற்கும் ஒன்றே. ஓர் எச்சரிக்கை மட்டும்: மலையுச்சியில் பேட்டரியை முழுதும் நிரப்பிவிட்டு இறங்கலாகாது. நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்ற முடியாதது போல, நிறைந்த பேட்டரி இறக்கத்தின் மின்சாரத்தை ஏற்காது.

குறைகளையும் மறைத்தல் கூடாது. 2022-இல் வந்த டாட்டா ஏஸ் மின்வண்டியின் பேட்டரி 21.3 யூனிட் கொள்ளளவு உடையது. அது சிறு வண்டிக்குப் போதும். நடுத்தரப் பிக்கப்புக்கோ 60 யூனிட்டுக்கு மேல் வேண்டும். அவ்வளவு பேட்டரி ஏறத்தாழ 400 கிலோ எடை வரும். அந்த 400 கிலோ, வாழைத்தார் ஏற வேண்டிய இடம். விலையும் அதிகம், பழைய வண்டியாக விற்கும்போது என்ன கிடைக்கும் என்பதும் இன்னும் சந்தையில் நிலைபெறவில்லை.

இலாப நட்டத்தை ஓர் உதாரணத்தால் காண்போம். டீசல் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 7½ ரூபாயும், மின்சார வண்டிக்கு 2½ ரூபாயும் எரிபொருள் செலவு என்று வைத்துக் கொள்வோம். மின்சார வண்டியின் விலை 5 இலட்சம் ரூபாய் கூடுதல் என்றும் கொள்வோம். நாள்தோறும் 100 கிலோமீட்டர் வீதம் ஆண்டில் 300 நாள் ஓடுபவர், ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் மிச்சப்படுத்துவார். மூன்று ஆண்டு நான்கு மாதத்தில் கூடுதல் விலை மீண்டுவிடும். நாளைக்கு 40 கிலோமீட்டர் மட்டுமே ஓடுபவருக்கோ ஆண்டு மிச்சம் 60,000 ரூபாய். எட்டு ஆண்டுகள் கடந்தே முதல் மீளும். அதற்குள் பேட்டரியின் உத்தரவாதமே முடிந்துவிடக்கூடும். ஆகவே "எந்த எஞ்சின் நல்லது?" என்ற கேள்விக்கு முன்னால் "நாள் ஒன்றுக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்ற கேள்வியைக் கேட்க வேண்டும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, என் ஊகம் இதுவாகும். இன்னும் பத்தாண்டுகளுக்கு மலைப்பாதையில் டீசல் முற்றும் மறைந்துவிடாது; சிறுத்து, தூய்மையாகி, சில வண்டிகளில் மின்மோட்டாரின் துணையையும் பெற்று நீடிக்கும். சமவெளி நகரங்களில் வாயுவும் மின்சாரமும் பங்கிட்டுக் கொள்ளும். நாள்தோறும் ஒரே பாதையில் சென்று இரவில் வீடு திரும்பும் வண்டிகளை முதலில் மின்சாரம் தனதாக்கிக் கொள்ளும். ஆனைகட்டிக்கும் கோவைக்கும் இடையே ஓடும் வண்டி அத்தகையதே. நெடுந்தூரமும் நிச்சயமற்ற பாதையும் உடையவருக்கு டீசலே சில காலம் துணை. அரசுகளும் ஒன்று செய்யலாம்: எல்லையின் இரு புறத்திலும், சந்தை கூடும் இடங்களில், சுமை இறங்கும் நேரத்திலேயே மின்னூட்டம் பெற வழி செய்யலாம். எல்லைக்கு ஒரு நிலையம் இருந்தால் இரு மாநில வண்டிகளும் பயன் பெறும்.

அந்த ஓட்டுநரை மீண்டும் கண்டபோது இவற்றையே கூறினேன். அவர் சிறிது நேரம் விரல்விட்டுக் கணக்கிட்டார். பிறகு, "நான் நாளைக்கு எழுபது எண்பது கிலோமீட்டர் ஓடுறேனுங்க. இப்போதைய வண்டியோட தவணை முடியட்டும். முடிஞ்ச பிறகு ஒரு வருசம் இதையே ஓட்டி, கடனில்லாம கொஞ்சம் சேர்த்து வெச்சுக்கறேன். அதுக்குள்ள நம்ம ஊர்ல யாராவது ஒருத்தர் கரண்டு வண்டி எடுத்திருப்பாருங்க. அவர் வண்டி மலையேறறதைக் கண்ணால பார்த்துட்டு முடிவு பண்றேன். அண்ணன்கிட்டயும் அப்படியே சொல்லிடறேன்" என்றார். அதைவிட நல்ல விடையை நான் அறியேன்.

ஆகவே, வெளி மாநிலங்களில் உழைக்கும் நேயர்களே, ஊரிலிருந்து தம்பி வண்டிக்குப் பணம் கேட்டு எழுதினால், பணத்தோடு மூன்று கேள்விகளையும் சேர்த்து அனுப்புங்கள். நாள் ஒன்றுக்கு எத்தனை தூரம்? சுமை ஏறுகிறதா, இறங்குகிறதா? கெட்டுப் போனால் சீர்செய்ய அருகில் யார் இருக்கிறார்? இம்மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு வாங்கும் வண்டி எந்த எஞ்சினில் ஓடினாலும், குடும்பத்தைக் கைவிடாது.